கோடு போட்ட கம்பி

“கம்பி மாறின வீட்டுக்குள்ள நான் ரெண்டாவது செருப்பைக் கழட்டறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும். என் காதைத் தாண்டி இன்னி வரைக்கும் ஒரு கம்பி மாறிப் போனதில்ல. போச்சுன்னு எவனாவது காட்டட்டும், காதை அறுத்து அவன் கையில குடுத்துடறேன்.”

இந்தப் பிரகடனம் ஒரு டீக்கடை பெஞ்சில் வெளியானது. சபையில் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. பரப்பும் பொறுப்பைச் சொன்னவரே ஏற்றுக்கொண்டதால் தாமதம் ஏற்படவில்லை.

காதுக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மின்கட்டண ரசீதைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. தொழில், வீடுகளில் பாட்டு கேட்கும் சாதனங்களைப் பொருத்திக் கொடுப்பது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு, நடுவே கம்பி. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தார்.

ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனையில் புறப்பட்டது ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் போய்ச் சேர வேண்டும், கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் இது மாறிவிட்டால் பாட்டு நிற்காது. நின்று தொலைத்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். வலது ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளுகிற அதே நொடியில் இடது ஸ்பீக்கர் பின்னே இழுக்கும். தாளத்தின் கனமெல்லாம் நடுவழியிலேயே செத்துப்போகும். இரண்டு பெட்டிக்கும் நடுவே எதிரில் நின்று பாட வேண்டிய ஆள், எங்கிருந்து பாடுகிறார் என்றே தெரியாமல் கூரைக்கும் மூலைக்குமாகச் சிதறிப்போவார். இதைக் கண்டுபிடிக்க மற்ற மெக்கானிக்குகள் சின்ன பேட்டரி ஒன்றை எடுத்துக் கம்பியில் தொட்டு, ஸ்பீக்கரின் வட்டத் தாள் முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். காதுக்காரருக்கு அந்தக் காட்சியைக் கண்டாலே பித்தம் தலைக்கேறும்.

“கண்ணால பாத்துச் சத்தத்தைச் சரி பண்றவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைக்கலாமே” என்பார்.

இப்படிப்பட்ட மகானுக்கு ஒரு துணை ஆள் இருந்தான். மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே வேலை செய்தான். வேலைப் பிரிவினை முதல் நாளே எழுதப்படாத சட்டமாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனை காதுக்காரருடையது. அது மேசைமேல், நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடியது. ஸ்பீக்கர் பக்கத்து முனை மச்சினனுடையது; அது மூலையில், ஒட்டடைக்கு நடுவே, முழங்கால் போட்டுச் செய்ய வேண்டியது. மூளை தேய்கிற முனை ஒருவருக்கு, முட்டி தேய்கிற முனை ஒருவருக்கு. ஒரு குடும்பத்துக்குள் இதைவிட நியாயமான பங்கீடு எங்கே நடக்கிறது?

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, காதுக்காரரின் இடது காது மூடிக்கொண்டது. யாரோ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது மாதிரி. உள்ளே போனவர் சும்மாவும் இருக்கவில்லை. விடாமல் மெல்லிசாக விசில் அடித்தார்.

“டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடுங்க” என்றாள் மனைவி.

“சளி.”

“சளிக்கு எங்கயாவது விசில் அடிக்குமா?”

“ஊருக்கே காது நான். நான் போய் இன்னொருத்தன்கிட்ட காதைக் காட்டிட்டு உக்காந்திருந்தா, பாக்கறவன் என்ன சொல்லுவான்?”

பார்க்கிறவன் என்ன சொல்வான் என்கிற கேள்விக்கு விடை தேடியதில் ஏழு வாரம் ஓடிப்போயிற்று. பிறகு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு பேட்டையில், இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு மளமளவென்று அழுத்தினார். இடது காதுக்குப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் சோதனை முடிந்துவிட்டதே தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் கையசைத்துக்கொண்டிருந்தார்.

“முதல் வாரமே வந்திருந்தீங்கன்னா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப நரம்பு போயிடுச்சு” என்றார் டாக்டர்.

காதுக்காரர் அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். வீட்டுக்கு வந்து, “அழுக்கு சேந்திருக்காம்” என்று அறிக்கை விட்டார். மறுநாளிலிருந்து தெருவில் போகும்போது மனைவி அவருக்கு வலது பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கே தனித் திறமை வேண்டும். காதுக்காரர் தன் தலையிலேயே ஒரு பக்கத்தை மறைத்தார். டீக்கடையில் பெஞ்சின் இடது கோடியைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் இடது ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். அப்படியும் யாராவது இடது பக்கமிருந்து பேசிவிட்டால், எல்லாப் பேச்சுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பொதுச் சிரிப்பு சிரித்தார். ஒரு தடவை டீக்கடைக்காரர் தன் மாமனார் தவறிப்போன செய்தியை அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டார். இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நல்ல வேளையாக டீக்கடைக்காரருக்கும் மாமனார்மேல் அப்படியொன்றும் பிரியமில்லை.

சிரித்து முடித்துத் தனியாக இருக்கும் நேரத்தில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். கால் ஊனமானவரிடம் செருப்பு தைக்கக் கொடுப்பார்கள். ஒரு காது போனவரைக் காதுக்காரர் என்று யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அவருக்கு ஐம்பத்தாறு வயது. வேறு எந்த வேலையும் தெரியாது. தெரியும் என்று ஜம்பம் அடித்த வேலைகள் கணக்கில் வராது.

இந்த நிலையில்தான் டீச்சர் வீட்டு வேலை வந்தது.

டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டாம் மாடியில், கூடமும் படுக்கையறையும் சமையலறையுமாக ஒரு வீடு, ஒற்றை ஆள். முப்பத்தைந்து வருஷம் எண்ணூறு பிள்ளைகளின் கூச்சலையும் மணிச்சத்தத்தையும் கேட்டவர். இனி ஒரே ஒரு ஆள் பாட, தான் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய ஓய்வுக்காலத் திட்டம். அதற்காகக் கூடத்தின் நட்டநடுவில், சுவரிலிருந்து அளந்து வைத்த மாதிரி ஒரு நாற்காலி போட்டிருந்தார். அளந்தேதான் வைத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது.

மச்சினன் இடது ஸ்பீக்கரை முடித்துவிட்டு எழுந்து வந்தான். காதுக்காரர் மேசையில் கம்பியைச் சீவிக்கொண்டிருந்தார். அவன் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நின்று ஏதோ சொன்னான். மறுபடியும் சொன்னான். மூன்றாம் முறையும் சொல்லிவிட்டுத் தோளைத் தொட்டான். காதுக்காரர் துள்ளி விழுந்ததில் ஸ்க்ரூடிரைவர் சோபாவுக்கு அடியில் ஓடிப்போயிற்று.

“மாமா, மூணு தரம் கூப்பிட்டேன்.”

“கேட்டுது. பதில் சொல்ற அளவுக்கு விஷயம் இல்ல.”

“என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்.”

“உன் பேச்சை ஒப்பிக்கறதுக்கா நான் தொழிலுக்கு வந்தேன்?”

மச்சினன் குரலைத் தாழ்த்தினான். “மாமா, அக்கா என்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. அதுக்கு மெஷின் ஏதோ இருக்காம். வச்சுக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நானும் கூட இருக்கேன்ல, நான் கேட்டுச் சொல்றேன்.”

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். வைதிருந்தால்கூடக் காதுக்காரர் பொறுத்திருப்பார்.

“நீ கேட்டுச் சொல்றியா? இருவத்திரெண்டு வருஷமா உன் காது எதுக்குடா இருந்துது? பென்சில் சொருகறதுக்கு.”

மச்சினன் காதில் இருந்த பென்சிலை எடுத்து ஆம்ப்ளிஃபயர்மேல் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், “செவிடன் காதுல சங்கு ஊதினா, ஊதறவனுக்குத்தான் மூச்சு போகும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். வாசல் இடது பக்கம் இருந்தது. எனவே அந்த வாசகம் சமையலறையில் இருந்த டீச்சருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

வலது ஸ்பீக்கரைக் காதுக்காரரே மாட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முழங்கால் போட்டதில் இரண்டு முட்டியும் தனித்தனியாக ஆட்சேபம் தெரிவித்தன. எழுந்து வந்து பாட்டைப் போட்டார். தலையை லேசாகச் சாய்த்து, வலது காதை முன்னால் விட்டு, கண்ணை மூடினார். பார்ப்பவர்களுக்கு அது தியானம். தாளம் கொஞ்சம் இளைத்திருந்தது போலத் தோன்றியது. எங்கிருந்து பாடுகிறார்கள் என்கிற விஷயம் தோன்றவே இல்லை. ஒற்றைக் காதுக்கு எல்லாப் பாட்டும் ஒரே இடத்திலிருந்துதான் வரும்.

“புது ஸ்பீக்கர் டீச்சர். பத்து நாள் பாடினா தொண்டை திறந்துக்கும்.”

நான்காம் நாள் டீச்சர் போன் செய்தார்.

“பாடறவங்களைக் காணோம்.”

“பாட்டு வரலையா டீச்சர்?”

“பாட்டு வருது. பாடறவங்கதான் இல்ல. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில நின்னு பாடற மாதிரி இருக்கு.”

இங்கே எந்தக் கத்துக்குட்டியும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பான். காதுக்காரரும் அடுத்தவன் பொருத்திய வீடாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார். ஆனால் இது அவர் பொருத்தியது. அவர் பொருத்தியதில் கம்பி மாறாது. மாறாது என்பது சட்டம். சட்டத்தை மீறி யோசிக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காதுக்காரர் போய்க் கூடத்தைப் பார்த்தார்.

முதல் தடவை, திரைச்சீலைதான் சத்தத்தைக் குடிக்கிறது என்றார். டீச்சர் திரைச்சீலைகளைக் கழற்றினார். எதிர் வீட்டு ஆள் சட்டையில்லாமல் உலாவுவதைத் தினமும் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை, புத்தக அலமாரி தப்பான சுவரில் இருக்கிறது என்றார். டீச்சர் முப்பத்தைந்து வருஷப் புத்தகங்களையும் தட்டுத் தட்டாக இறக்கி, அலமாரியை நகர்த்தி, தட்டுத் தட்டாக ஏற்றினார். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்தும் வைத்தார்: தேதி, குறை, காரணம், நடவடிக்கை. குறை என்ற இடத்தில் எல்லா வரியிலும் ஒன்றே இருந்தது. ‘பாடுபவர் வரவில்லை.’ பள்ளி வருகைப் பதிவேட்டின் பழக்கம்.

மூன்றாம் தடவை காதுக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பழி போட இன்னும் நகர்த்தப்படாத சாமான் எதுவும் மிச்சமில்லை. டீச்சர் மட்டும்தான் இருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். வயசாச்சுன்னா காது கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும். நம்ம பெட்டியில குறை இல்ல.”

டீச்சர் நோட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் ‘என் காது’ என்று எழுதினார்.

மாடிப்படி இறங்கும்போது காதுக்காரர் கைப்பிடியை விடவில்லை. பொய் அவருக்குப் புதிதில்லை. தொழில் நடத்துகிறவருக்கு அது எண்ணெய் மாதிரி, அங்கங்கே விட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தன் காதைக் கழற்றி இன்னொருவர் தலையில் மாட்டிவிட்டு வந்தது இதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி, ஆறு மாத வழக்கத்துக்கு மாறாக, இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொன்னாள். அவர் பொதுச் சிரிப்பைச் சிரித்தார்.

அவள் எழுந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு, வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி தொழிலையே விட்டுட்டு ஏதோ கிடங்குல மூட்டை கணக்கு எழுதப் போறானாம்னு சொன்னேன். அதுல சிரிக்க என்ன இருக்கு?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஆறு மாசமா உங்க வலது பக்கமே நடந்து நடந்து, ரோட்டோரச் சாக்கடை எத்தனை இருக்குன்னு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. நான் ஒரு வார்த்தை கேட்டனா? நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன். அவன் என்னங்க தப்பாச் சொல்லிட்டான்? நான் கேட்டுச் சொல்றேன்னான். உங்க கூடப் பொறந்தவனா இருந்தாக்கூட அப்படிச் சொல்லுவானா?”

“டீச்சர் வீட்டு வேலை முடிஞ்சதும் பேசறேன்.”

“அது எப்ப முடியும்?”

அவர் தட்டிலேயே கை கழுவினார்.

எட்டு நாள் கழித்து டீச்சர் கூப்பிட்டார். குரலில் கோபம் இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். சண்டை போட்டுக் கழன்றுகொள்ளலாம். குரல் சாதாரணமாக இருந்தது. போனவரை உட்காரவைத்து, டீச்சர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“நீங்க சொன்னது நியாயம்தானேன்னு காது டாக்டர்கிட்ட போனேன். கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு டெஸ்ட் பண்ணினாங்க. என் வயசுக்கு ரெண்டு காதும் ரொம்ப நல்லா இருக்காம். டாக்டர் சந்தோஷப்பட்டாரு.”

காகிதத்தில் இரண்டு கோடுகள் கை கோத்துக்கொண்டு போயின. காதுக்காரருக்கு அந்தக் கட்டம் போட்ட தாளை நன்றாகத் தெரியும். அவருடைய தாளில் ஒரு கோடு மட்டும்தான் நடந்துபோனது. மற்றது அடியில் விழுந்து கிடந்தது. அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“அதனால நானே ஒரு பரீட்சை வச்சுப் பாத்தேன்” என்றார் டீச்சர். “இடது ஸ்பீக்கரை மட்டும் பாடவிட்டேன். நல்லாப் பாடுது. வலதை மட்டும் விட்டேன். அதுவும் நல்லாப் பாடுது. ரெண்டையும் சேத்து விட்டாத்தான் கெட்டுப்போகுது. தனித்தனியா நல்ல பிள்ளைங்க, பக்கத்துல உக்கார வச்சா ஒண்ணை ஒண்ணு கவுக்குது. என் சர்வீஸ்ல இந்த மாதிரி எத்தனையோ பெஞ்சு பாத்திருக்கேன். பிள்ளைங்க மேல தப்பு இருக்காது. உக்கார வச்சவங்க மேலதான் இருக்கும்.”

காதுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கம்பி மாறியிருக்கிறது. வேறெதுவும் இல்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். இதற்கு முன் நான்கு தடவை இந்த வீட்டுக்கு வந்தார். நான்கு தடவையும் இரண்டு செருப்பையும் கழற்றினார்.

ஏதாவது ஒரு பக்கத்துக் கம்பியை மாற்றிப் போட்டுவிட்டு, “சரியாயிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இன்னொரு தடவை குருட்டுப் போக்கில் கைவைத்துவிட்டு இந்த அம்மாள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. சரியாகிவிட்டதா என்று அவருக்கே தெரியாது. அதைக் கேட்டுச் சொல்ல வேண்டிய காது அவரிடம் இல்லை.

“வீட்டுல டார்ச் லைட் இருக்கா டீச்சர்? அதுல இருக்கிற பேட்டரி ஒண்ணு குடுங்க.”

ஆம்ப்ளிஃபயரை அணைத்துக் கம்பிகளைக் கழற்றினார். இரண்டு ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியையும் எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். வலது ஸ்பீக்கரின் கம்பியில் பேட்டரியைத் தொட்டார். வட்டத் தாள் ஒரு நூல் முன்னே வந்தது. இடது ஸ்பீக்கரின் கம்பியில் தொட்டார். வட்டத் தாள் உள்ளே போயிற்று. இன்னொரு தடவை தொட்டார். உள்ளேதான் போயிற்று. ஊரிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் யாரும் அப்போது அங்கே இல்லாதது ஒரு சௌகரியம்.

கம்பியைக் கையால் வருடிக்கொண்டே, முழங்காலால் நகர்ந்து, இடது மூலைக்குப் போனார். இரட்டைக் கம்பியில் ஒன்றின்மேல் மட்டும் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடும். எந்த முனை எதனுடையது என்று தெரிந்துகொள்வதற்காகப் போட்டது. கோடு கறுப்பு, ஆகவே கறுப்பு முனைக்கு என்பது காதுக்காரரின் வழக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூலையில், மச்சினன் முறுக்கி மாட்டியிருந்த இடத்தில், கோடு போட்ட கம்பி சிவப்பு முனையில் இருந்தது.

பயல் கைதவறி மாட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்து, மூலையில் முழங்கால் போட்டிருக்கும் மச்சினனின் முணுமுணுப்பும் வந்தது. வேலை செய்யும்போதெல்லாம் அவன் அப்படித்தான், வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி: “கோடு சிவப்புல, கோடு சிவப்புல.” கோடு போட்டது விசேஷமான கம்பி, ஆகவே சிவப்புக்கு என்பது அவன் கணக்கு. இருபத்திரண்டு வருஷம், இரண்டு காதும் நன்றாக இருந்த காலம் முழுக்க, காதுக்காரர் அதைத் தினமும் கேட்டிருக்கிறார். என்ன சொல்கிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்படியே மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியென்றால், இருவரும் சேர்ந்து பொருத்திய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முனையில் கோடு கறுப்பில், மறுமுனையில் கோடு சிவப்பில். ஒவ்வொரு வீட்டிலும் கம்பி மாறித்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி மாறியிருப்பதால், இரண்டும் ஒற்றுமையாகப் பின்னே போய் ஒற்றுமையாக முன்னே வருகின்றன. சண்டை இல்லை, ஆகவே குறையும் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியவில்லை, பொருத்தியவனுக்குத் தெரியவில்லை, பேட்டையின் காதுக்கும் தெரியவில்லை. மாதத்துக்கு ஏழெட்டு வீடு. அவருடைய சொந்த வீட்டுக் கூடமும் அதில் சேர்த்தி. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய பெயர் சம்பாதித்துக் கொடுத்திருக்கின்றன. கூட்டுக்காரனைத் துரத்திவிட்டு, அவர் தனியாக, தன் கையால், மிகச் சரியாக ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். அதோடு எல்லாம் கெட்டது.

காது போனதுதான் கஷ்டம் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். அது இருந்த காலத்திலும் அவ்வளவுதான் இருந்திருக்கிறது என்பதைத் தாங்கிக்கொள்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“என்ன ஆச்சு?” என்று டீச்சர் நாற்காலியிலிருந்து கேட்டார். “மயக்கமா? தண்ணி தரட்டுமா?”

அவர் தலையை ஆட்டிவிட்டு, இடது ஸ்பீக்கரின் கம்பிகளை அவிழ்த்து மாற்றி மாட்டினார். ஸ்க்ரூவை இறுக்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. திரும்ப மேசைக்கு வந்து ஆம்ப்ளிஃபயர் முனைகளையும் மாட்டினார்.

“கம்பி மாறியிருந்துது டீச்சர்.”

“யார் மாட்டினது?”

இடது ஸ்பீக்கரை மாட்டியவன் வேறு ஆள். சொன்னால் பொய்யில்லை. காதுக்காரர் வாயைத் திறந்து, அதை அப்படியே மூடி, மறுபடியும் திறந்தார்.

“நாங்கதான்.”

“இத்தனை தடவை வந்தீங்களே, உங்களுக்குக் கேக்கலையா?”

டீச்சர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்கிற மாதிரி, காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கேக்கல” என்றார் காதுக்காரர். “எனக்கு இடது காது கேக்காது. எட்டு மாசம் ஆச்சு. அன்னிக்கு உங்க காதைச் சொன்னேன்ல. அது என் காது.”

கூடத்தில் திரைச்சீலை இல்லாததால் வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் புத்தக அலமாரியைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். கடைசியில், “அலமாரி பழைய இடத்துக்குப் போகலாமா, இல்ல அங்கயே இருக்கணுமா?” என்று மட்டும் கேட்டார்.

“எங்க வேணா இருக்கலாம் டீச்சர். நானே நகத்தித் தரேன். அதுக்கு முன்னாடி ஒரு காரியம்.”

அவர் பாட்டைப் போட்டார். வழக்கமாக நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வார். இப்போது நாற்காலியை விட்டு விலகி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

“நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

டீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பெண் பாடத் தொடங்கினாள். தாளத்தின் கனம் கூடியிருப்பது அவருக்கும் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரி முடிந்தது. டீச்சர் வலது கையை மெதுவாகத் தூக்கி, இரண்டு பெட்டிக்கும் நடுவே இருந்த வெறும் சுவரை நோக்கி, ஆள் உயரத்தில், விரலை நீட்டினார்.

“இங்க நிக்கறாங்க.”

காதுக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தது. இரண்டடி முன்னால் போய் நின்று, வலது காதைக் கொடுத்துப் பார்த்தார். மறு பக்கம் திரும்பியும் பார்த்தார்.

“எவ்வளவு தூரத்துல டீச்சர்? சுவரை ஒட்டியா, இல்ல இன்னும் கொஞ்சம் முன்னாடியா?”